புதன்கிழமை வந்த போன்

பங்குனி 3, திங்கள்

காலையில் மூட்டம். பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். புளி காய ஏத்த வெயில்.

இதெல்லாம் நடக்கும்னு முன்னாடியே சொன்னவன் நான். புதூர்நாட்டுல யாரை வேணா கேக்கலாம். மலைப் புளிக்கு ஒரு காலம் வரும், நம்ம புளிக் கொட்டாய்க்கு ஒரு பேர் வரும், என்னைக் கூப்ட்டு நாற்காலி போட்டு உக்கார வைப்பாங்கன்னு அப்பவே சொன்னேன். நேத்து திருப்பத்தூர்ல நடந்தே போச்சு. சிறுதொழில் முதலாளிங்களுக்கு ஒரு நாள் வகுப்பு. நாப்பது பேர். மலையிலிருந்து நான் ஒருத்தன் தான். (இன்னொருத்தர் காவலூர்லேர்ந்து வந்திருந்தார், கோழிப் பண்ணை. ஆனா அவர் மத்தியானமே போய்ட்டார்.)

மேடையில பேசின மேடம் சின்னப் பொண்ணு. அது சொன்னதுல பாதி நான் பத்து வருசமா சொல்லிக்கினு வர்றது. இங்கிலீஷ்ல சொன்னதால மத்தவங்க எழுதிக்கிட்டாங்க. நானும் எழுதிக்கிட்டேன், மரியாதைக்கு:

– இலக்கை எழுது. வாயில சொன்னா காத்தோட போகும்.
– எண்ணா எழுது.
– தேதி போடு.
– எல்லார் கண்ணுக்கும் படுற எடத்துல மாட்டு.
– முதலாளி தினம் அஞ்சு நிமிசம் டைரி எழுதணும். (அதான் இது. டைரி அவங்களே குடுத்தது.)
– ஆறாவதா ஒண்ணு. அப்ப டீ வந்துச்சு. அவங்க குடுத்த தாள்ல போட்டிருக்கும். தாள் சட்டைப் பையில.

"உங்க யூனிட்ல ஒரு நாளைக்கு எவ்ளோங்கண்ணா?"ன்னு மேடம் கேட்டாங்க. எழுந்து நின்னு சொன்னேன், ஆறு பொம்பளைங்க, நூறு கிலோ கொட்டை எடுத்த புளின்னு. எண்பது தான். நூறு கேக்க நல்லா இருந்துச்சு. கை தட்டினாங்க. "சனிக்கிழமைக்குள்ள உங்க பலகையை போட்டோ எடுத்து குரூப்ல போடுங்க, எல்லாரும் கத்துக்கட்டும்"னாங்க.

வாங்கினது: வெள்ளைப் பலகை 1. பேனா நீலம், செவப்பு. கூடை 6. ஜீப் மேல பலகையைக் கட்டிக்கினு வந்தேன். டிரைவர், "எலெக்சன்ல நிக்கிறியா மாமா?" நிக்கலாம். கேட்டா நிக்கலாம்.

சனிக்கிழமை நம்ம புளி வாங்கற வாணியம்பாடி பாய்க்கு லோடு. 20 சிப்பம் கட்டணும்.

பங்குனி 4, செவ்வாய்

வெயில். பலகை மாட்டியாச்சு. ஆறு பேர், ஆறு கூடை, ஆளுக்கு 12 கிலோ இலக்கு. (எண்பதுக்குக் கொஞ்சம் கம்மி தான், மொத நாள் இல்ல?)

இது வரைக்கும் நம்ம கொட்டாய் முறை: ஓடு உடைச்ச புளி நடுவுல ஒரே குவியலா கெடக்கும். ஆறு பேரும் சுத்தி உக்காந்து கல்லுல வெச்சு தட்டி கொட்டை எடுப்பாங்க. குவியல் தீர்ந்தா ஒண்ணா எழுந்திரிப்பாங்க. மலையில சாமைக்கு களை எடுக்கறதும் இப்டி தான். வேகமா போறவ பக்கத்துல இருக்கறவ நெரையில பாதியை சேத்து புடுங்கிக்கினே போவா. வரப்பு ஏறும்போது எல்லாரும் ஒண்ணா ஏறுவாங்க. யார் எவ்ளோ செஞ்சான்னு ஆண்டவனுக்கே தெரியாது. முதலாளிக்கு எங்க தெரியப் போகுது.

பலகையைப் பாத்துட்டு செல்வி: "இன்னா மாமா, எங்கள ஸ்கூல்ல சேத்துட்டியா? மத்தியானம் முட்டை போடுவியா?"

செல்விக்கு கையும் வேகம், வாயும் வேகம்.

"இது டார்கெட்மே."

"டார்கெட்ட முடிக்கலன்னா பெஞ்சு மேல ஏத்துவியா?"

எல்லாருக்கும் சிரிப்பு. நானும் சிரிச்சேன். தலைவன் சிரிக்கணும், அதுவும் வகுப்புல சொன்னது.

காசியம்மா அக்கா மட்டும் கூடையைத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. "எனக்கு இன்னாத்துக்கு தம்பி செவப்பு?" கடையில அது ஒண்ணு தான் மிச்சம்னேன். உண்மை தான் அது.

(கா. அக்கா நம்ம கொட்டாய்க்கு வந்த மொத ஆள். கொட்டாய்க்கு கூரை போடறதுக்கு முன்னாடியே வந்து உக்காந்தது. வலது கை ஆள்காட்டி விரல் மடங்காது. பழைய அடி.)

சாயங்காலம் எடை: 12, 12, 12, 12, 12, 12. சொன்னேன் இல்ல? ஒரே நாள்ல டீம் ஆயிடுச்சு. பச்சையம்மாகிட்ட சொன்னேன். "ஆறு பேருக்கும் ஒரே எடையா? மெசினா அவங்க?" அப்டின்னா. பொண்டாட்டிக்கு வெற்றியை ரசிக்கத் தெரியாது.

பங்குனி 5, புதன்

காத்து. ராத்திரியே ஒரு மரம் சாஞ்சிருக்கு. காலையிலிருந்து டவர் இல்ல. பச்சையம்மா மககிட்ட பேசணும்னு போனைத் தூக்கிக்கினு மேட்டுக்கு ஏறி ஏறி இறங்கறா.

பதினோரு மணிக்கு மூட்டைக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். செல்வி தட்டினது மூணு கை தன் கூடையில, ஒரு கை செவப்புக் கூடையில. அடுத்தது வள்ளி, அதே மாதிரி. பேச்சு நிக்கல, கண்ணு கூட திரும்பல. அப்டியே போகுது கை.

ஓஹோ, இப்டியான்னு நெனச்சேன். கா. அக்காவ மட்டும் வாசப்படிக்கிட்ட தனியா உக்கார வெச்சேன். வெளிச்சம் நல்லா இருக்கும்னேன். செல்வி என்னைப் பாத்தா. 

மூணு மணிக்கு எடை. அக்கா 7. மத்தவங்க 12, 13. செவப்புப் பேனாவால 7 எழுதினேன். வகுப்புல சொன்னது, கொறஞ்ச எண்ணுக்கு செவப்பு.

எழுதிட்டு பாத்தா பலகை அசிங்கமா இருந்துச்சு. குரூப்ல நாப்பது பேர் பாப்பாங்க.

மூணரைக்கு பாய் போன். இருமல் அவருக்கு, பின்னாடி லாரி சத்தம். பேர் வாரியா எடை கேட்டார். சொன்னேன். "சின்னராசு, ஏழு கிலோ ஆளை வெச்சிக்கினு நீங்க எப்டிங்க பெரிய லோடு ஏத்துவீங்க? வர்ற வாரம் அந்த ஆளு வேணாம், வேற ஆளு போடுங்க." நான் வாதாடினேன். எங்க மொத ஆளு பாய், கொட்டாய்க்கே அவங்க தான் ராசின்னு. பத்து நிமிசம் இருக்கும். கேக்கல. இருமிக்கினே, "யாவாரம் வேற, பாசம் வேற"ன்னுட்டார்.

உள்ள போய் ஆறு பேர் முன்னாடியும் சொன்னேன். மனசு கஷ்டமா இருக்கு, பாய் இப்டி சொல்றார், நான் எவ்ளோவோ சொன்னேன்.

யாரும் தட்டறதை நிறுத்தல. கா. அக்கா தான் எழுந்து கை கழுவிச்சு. முந்தானையில தொடைச்சுக்கினு, "பாய் சொன்னா சரி தான் தம்பி"ன்னுச்சு. செவப்புக் கூடையைக் கழுவி கவுத்து வெச்சிட்டுப் போச்சு.

ராத்திரி சாப்பாடு எறங்கல. காத்து ஒத்துக்கல போல.

பங்குனி 6, வியாழன்

காத்து கொஞ்சம் கம்மி. டவர் இன்னும் வரல. போட்டோ அனுப்ப முடியல. அதுவும் நல்லதுக்கு தான்.

அஞ்சு பேர் வந்தாங்க. பேச்சே இல்ல. கல்லு சத்தம் மட்டும். அவங்கவங்க கூடை, அவங்கவங்க முழங்காலுக்கு நடுவுல.

ரெண்டு மணிக்கு செல்வி எழுந்தா. "பன்னெண்டு ஆச்சுங்க. எடை பாத்துக்கங்க."

"இன்னும் புளி கெடக்குதே."

"டார்கெட்டு பன்னெண்டு தானேங்க. பலகையில நீங்க தானே எழுதினீங்க."

போய்ட்டா. ரெண்டரைக்கு வள்ளி. மூணு மணிக்கு கொட்டாயில நானும் குவியலும். மொத்தம் 60. போன வாரம் இதே நாள் பலகை இல்லாம, ஆளாளுக்கு எடை பாக்காம, மொத்தம் எண்பதுக்கு மேல.

இதையும் நான் எதிர்பாத்தேன்னு எழுதலாம். எழுத வரல.

செல்வி இன்னிக்கு "வாங்க, போங்க". இத்தினி வருசமா "வா மாமா, போ மாமா". மரியாதை குடுத்தா இவ்ளோ குத்தும்னு தெரியாது.

பங்குனி 7, வெள்ளி

வெயில். இன்னிக்கும் 60. ரெண்டு மணிக்கு கொட்டாய் காலி. 20 சிப்பம் வராது.

மத்தியானம் கா. அக்கா வூட்டுக்குப் போனேன். ரெண்டு ஏரி தாண்டி நடந்தேன்னு எழுத வந்தேன். ஒரு ஓடை தான். தண்ணி கூட இல்ல அதுல.

அக்கா துணி மடிச்சுக்கினு இருந்துச்சு. பை ஒண்ணு பாதி நெறஞ்சிருக்கு. மக ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகுது, அங்கே போய் இருந்துக்கறேன்னுச்சு. திங்கக்கிழமை எட்டு மணி பஸ்.

"மலையை உட்டு நீ எறங்குவியா அக்கா?"

"எறங்கினா எறங்கிட்டுப் போவுது. இங்க இன்னா பண்றது? ஏழு கிலோ கையி."

சாமைக் கஞ்சி ஊத்திக் குடுத்துச்சு. சும்மா குடிச்சிட்டு வந்திருக்கலாம். வாய் நிக்கல. பாய் ரொம்ப வருத்தப்பட்டார் அக்கா, காசியம்மா நல்ல ஆளு தான், ஆனா யாவாரம்னு கண்ணு கலங்கி சொன்னார்னு எடுத்து உட்டேன். போன்ல கண்ணு கலங்கினது எனக்கு எப்டி தெரிஞ்சுதுன்னு அக்கா கேக்கல.

"பாய்க்கு ஒடம்பு இன்னா?"ன்னு மட்டும் கேட்டுச்சு.

"இருமல் அக்கா. ஓயாத இருமல்."

"மொளகு கசாயம் குடிக்கச் சொல்லு."

சொல்றேன்னேன்.

அக்கா கஞ்சிச் சொம்பைப் புடிச்சா அந்த ஒரு விரல் மட்டும் வெளியே நீட்டிக்கினு இருக்கும். யாரையோ காட்டற மாதிரி. என் பக்கமா இருந்துச்சு. அக்கா வேணும்னு வெக்கல, மடங்காது, அவ்ளோ தான்.

இதை எங்கேயும் எழுதினது இல்ல. ஊர்ல கேட்டவங்களுக்கு கல்லு நழுவிச்சுன்னு சொல்லியிருக்கேன். கல்லு எங்கே நழுவிச்சு. மொத வருசம், வேகமா தட்டறது எப்டின்னு நாலு பேர் முன்னாடி காட்டறேன் பாருன்னு சுத்தியை வாங்கினேன். அக்கா கல்லு மேல புளியைப் புடிச்சுக்கினு இருந்துச்சு. நான் சனத்தைப் பாத்துக்கினே தட்டினேன். ஆஸ்பத்திரியில கேட்டதுக்கு அக்காவே தான் மொதல்ல சொல்லிச்சு, கல்லுன்னு. இன்னிக்கு வரைக்கும் அதே தான் சொல்லுது.

ஏழு கிலோவுக்குக் காரணம் அந்த விரல். அதைத் தான் செவப்புல எழுதினேன்.

பங்குனி 8, சனி

வெயில். பாய் நேர்லயே வந்துட்டார், லோடு வண்டியில முன்னாடி உக்காந்துக்கினு. வெள்ளைச் சட்டை, தொப்பி, நல்லா இருக்கார். மலை ஏறி வந்தும் மூச்சு வாங்கல.

எறங்கினதும் சத்தமா: "அரே சின்னராசு, உங்க போனுக்கு இன்னா ஆச்சுங்க? செவ்வாக்கெழமை ராத்திரிலேர்ந்து போடறேன், ஒரு தபா கூட லைன் கெடைக்கல. இன்னாவோ ஏதோன்னு நானே கெளம்பி வந்துட்டேன்."

அஞ்சு பேரும் சிப்பம் கட்டிக்கினு இருந்தாங்க. கை நின்னுச்சு. புதன்கிழமை கூட நிக்காத கை.

நான், "நடுவுல கொஞ்சம் வந்து வந்து போச்சு பாய்"னேன்.

செல்வி கயித்தை இழுத்து முடிச்சுப் போட்டுக்கினே சொன்னா: "எங்க மாமாவுக்கு மட்டும் தனி டவர் கீது பாய். மேகத்துக்கு மேல. வேற யாருக்கும் எடுக்காது."

வள்ளி முந்தானையை வாயில வெச்சிக்கினா. பாய்க்கு ஒண்ணும் புரியல, சேந்து சிரிச்சார். அப்புறம் கொட்டாயை ஒரு சுத்து பாத்தார். "எப்பவும் ஆறு பேராச்சே. அந்த மூத்த அம்மா எங்கே?"

 அஞ்சு பேரும் என்னைப் பாத்தாங்க. ஒருத்தி சொன்னா போதும். நீங்க தானே வேணாம்னீங்கன்னு ஒருத்தி கேட்டா போதும்.

செல்வி தான் பேசினா. "மக வூட்டுக்குப் போகுதுங்க பாய்."

என்னைக் காப்பாத்திட்டா. அதை விட நாலு அறை உட்டிருக்கலாம்.

16 சிப்பம் தான் ஏறிச்சு. பாய் பலகையைப் பாத்தார். செவப்பு 7 அப்டியே இருந்துச்சு. "இது இன்னாங்க?"

"சும்மா பாய். வகுப்புல சொன்னது."

"நமக்கெல்லாம் எதுக்குங்க இது. ஆளுங்க மூஞ்சியப் பாத்தா தெரியாதா"ன்னுட்டு வண்டி ஏறினார். அவர் ஒரு தபா கூட இருமல. நான் எண்ணிக்கினே இருந்தேன்.

வண்டி போனதும் செல்வியைக் கூப்ட்டேன். எப்ப தெரியும்னு கேட்டேன்.

"புதன்கிழமையே தெரியும். உங்க வூட்டு பச்சையம்மா அக்கா டவர் இல்லன்னு மேட்டுல ஏறி எறங்கறத இங்கேர்ந்து பாத்துக்கினு தானே இருந்தோம்."

"கா. அக்காவுக்கு?"

"அவங்க தான் எங்கள அடக்கினது. கை கழுவிட்டுப் போம்போது வாசல்ல சொன்னாங்க. ‘உடுங்கடி. நேரா சொல்ல தம்பிக்கு வாய் வரல, பாய் மேல போட்டுட்டான். கேட்டு அவன அசிங்கப்படுத்தாதீங்க’ன்னு."

அப்ப நேத்து கஞ்சி குடிக்கும்போது. கண்ணு கலங்கின கதை. மொளகு கசாயம். எல்லாம் தெரிஞ்சே கேட்டுக்கினு இருந்திருக்கு.

செல்வி கெளம்பும்போது, "திங்கக்கெழம வர்றோம். குவியலை நடுவுல போட்டு வைங்க. ஆறு பேருக்கு."

"அக்கா எட்டு மணி பஸ்ஸுக்குப் போகுதே."

"ஆறு பேருக்குப் போடுங்க"ன்னுட்டு போய்ட்டா. அஞ்சு பேருக்குப் போட்டா இன்னா ஆகும்னு நான் கேக்கல. தெரியும்.

பங்குனி 9, ஞாயிறு

மூட்டம். மழை வரும்னு சொல்ல மாட்டேன். சொன்னா வராது.

டவர் வந்துடுச்சு. குரூப்ல முப்பத்தெட்டு பேர் பலகை போட்டோ. மேடம் கேட்டிருக்காங்க, "புதூர்நாடு அண்ணா, நூறு கிலோ பலகை எங்கே?" பதில் போடல.

சட்டையைத் தொவைக்கப் போட்ட எடத்துல பச்சையம்மா பையிலிருந்து தாளை எடுத்து வெச்சிருக்கா. ஆறாவது பாய்ண்ட்: ‘இலக்கை முதலாளி தனியாக எழுதக் கூடாது. வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து, அவர்களைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் ஏற்கெனவே எப்படி வேலை செய்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.’

டீ நல்லா கூட இல்ல அன்னிக்கு.

பலகையை எறக்கிட்டேன். பச்சையம்மா துடைச்சு சாமை அண்டாவுக்கு மூடியா போட்டுட்டா. "இதுக்காவது ஆச்சு." அப்புறம் பக்கத்துல உக்காந்து, "புதன்கிழமை எனக்கு போன்ல ஒரு கோடு கூட காட்டல. உனக்கு பத்து நிமிசம் பேச கெடைச்சுதான்னு நான் உன்ன கேட்டனா?" கேக்கல. அவளும் கேக்கல. ஊரே என்னைக் கேக்காம உட்டிருக்கு. நான் தான் கெட்டிக்காரத்தனம்னு நெனச்சுக்கினு இருந்திருக்கேன்.

நாளைக்கு எட்டு மணிக்கு முன்னாடி அக்கா வூட்டுக்குப் போகணும். எல்லாம் ஏற்கெனவே தெரிஞ்ச அக்காகிட்ட தான் சொல்லப் போறேன். ஆனா தெரியும்னு அக்கா சொல்றதுக்குள்ள நான் சொல்லிடணும். பாதி வழியில வாய் தானா வேற எதையாவது சேத்துடும், என்னை எனக்குத் தெரியும். அதனால இங்கே எழுதிப் பாக்கறேன்.

"அக்கா, அன்னிக்கு டவர் சரியில்ல, பாய் சொன்னதை நான் தப்பா காதுல வாங்கி..."

இல்ல.

"அக்கா, பாய் பொதுவா சொன்னார், பேர் சொல்லல, நான் தான்..."

இதுவும் இல்ல. புதன்கிழமைப் பக்கத்தைத் திருப்பிப் பாத்தேன். யாரும் படிக்காத டைரியில கூட நெஜம் மாதிரியே எழுதி வெச்சிருக்கேன். லாரி சத்தத்தோட.

"அக்கா. புதன்கிழமை போன் வரல. உன்னை வேணாம்னு பாய் சொல்லல. நான் சொன்னேன்."

இருமலும் நான் சேத்தது தான்.